1978 ஷெவர்லே சி10 பிக்கப்: கார்புரேட்டரைக் கழற்றி ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் போடலாமா?

#1 · சதுரமூக்கு (எல் பாசோ, டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1978 மாடல் ஷெவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. 350 கன அங்குல வி8, அதாவது 5.7 லிட்டர். மேலே ராச்செஸ்டர் குவாட்ராஜெட் என்ற நான்கு வாய் கார்புரேட்டர். மூன்று கியர் ஆட்டோமேட்டிக். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, பார்வை மங்கியதும் "நீயாவது ஓட்டு" என்று எனக்குக் கொடுத்தார். துருவே இல்லை. இந்தப் பாலைவன ஊரில் இரும்பு அப்படியே இருக்கும்.

தொந்தரவு இரண்டு.

முதலாவது, கோடையில் சூடான என்ஜின் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. வெளியே 40 டிகிரி. கடைக்குப் போய்ப் பதினைந்து நிமிடத்தில் வந்து சாவி திருப்பினால் அரை நிமிடம் சுற்றிய பிறகுதான் இருமிக்கொண்டு எழும். பானட்டைத் திறந்தால் குப்பென்று பெட்ரோல் வாடை.

இரண்டாவது, மலை. நாங்கள் குடும்பத்தோடு அடிக்கடி நியூ மெக்சிகோவில் இருக்கும் கிளவுட்கிராஃப்ட் போவோம். அடிவாரத்து அலமகோர்டோ சுமார் 1,300 மீட்டர் உயரம், கிளவுட்கிராஃப்ட் சுமார் 2,600 மீட்டர். நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஒரே ஏற்றம். பாதி மலையிலேயே கரும்புகை வர ஆரம்பிக்கும். மேலே போய் நிறுத்தினால் ஐடிலிங் (நின்ற இடத்தில் என்ஜின் ஓடுவது) நிலைக்காது. வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி போல இருக்கும்.

இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். புதிதாக வரும் கிட் வாங்குவதா, பழைய வண்டியிலிருந்து பாகங்களை எடுத்துப் போடுவதா? கையால் வேலை செய்வேன், வெல்டிங் தெரியாது. வழி சொல்லுங்கள்.

#2 · கொங்குப் பட்டறை (கோயம்புத்தூர்)

தம்பி, முப்பது வருடமாகக் கார்புரேட்டரோடு வாழ்கிறவன் சொல்கிறேன். மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: என்ஜின் நலமாக இருக்கிறதா?

எங்கள் பட்டறைக்கு அம்பாசடரும் ஜீப்பும் நிறைய வந்த காலத்தில், "கார்புரேட்டர் சரியில்லை" என்று வருகிற வண்டிகளில் பாதிக்குக் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) தள்ளியிருக்கும், இல்லையென்றால் மேனிஃபோல்ட் (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) பேக்கிங்கில் ஏர் லீக், இல்லையென்றால் ஒரு வால்வு அமராமல் இருக்கும். பழி மட்டும் கார்புரேட்டர் மேல் விழும். இன்ஜெக்‌ஷன் போட்டாலும் இந்தக் கோளாறுகள் அப்படியே இருக்கும். அதுவும் கார்புரேட்டராவது சகித்துக்கொண்டு ஓடும். கம்ப்யூட்டர் தவறான கணக்குப் போட்டு இன்னும் கெடுக்கும்.

அதனால் முதலில் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். டைமிங் லைட் பிடியுங்கள். ஐடிலிங்கில் வாக்குவம் கேஜ் மாட்டி முள் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் இது. என்ஜினை அணைத்ததும் காற்றாடி நின்றுவிடும், தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். அடியிலுள்ள மேனிஃபோல்ட் சூடு மேலே ஏறி, மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். பொங்கி உள்ளே வழியும். உங்கள் ஊர் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் அது இன்னும் சீக்கிரம் ஆவியாகும். தற்காலிகமாக, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள், உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். கார்புரேட்டருக்கு அடியில் தடித்த வெப்பத்தடுப்புப் பேக்கிங் ஒன்று போட்டால் பாதித் தொல்லை தீரும். மலைக்கு மட்டும் எந்தப் பேக்கிங்கும் உதவாது.

#3 · ஸ்கார்பரோ கராஜ் (டொராண்டோ)

தம்பி, நான் இதே வேலையை என்னுடைய 1984 சி10இல் செய்து முடித்து ஆறு குளிர்காலம் ஓட்டிவிட்டேன். மைனஸ் 20இலும் முதல் சுற்றிலேயே எழும்புது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

உங்கள் எஞ்சினுக்கு மிக நெருங்கிய சொந்தக்காரன் ஜெனரல் மோட்டார்ஸ் 1987 தொடக்கம் 1995 வரை தன் ட்ரக்குகளில் போட்ட டிபிஐ. த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன். கார்புரேட்டர் இருந்த அதே இடத்தில் இரண்டு இன்ஜெக்டர் உள்ள ஒரு பாடி இருக்கும். எட்டு சிலிண்டருக்கும் எட்டு இன்ஜெக்டர் வேண்டாம், மேனிஃபோல்டையும் மாற்ற வேண்டாம், நடுவில் ஒரு அடாப்டர் தட்டு போதும். அடியில் இருக்கும் எஞ்சின் அதே 350 குடும்பம்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுக்குப் போனால் எடுக்க வேண்டியவை: த்ராட்டில் பாடி, கம்ப்யூட்டர் (1227747 என்ற எண் உள்ளது, உள்ளே 5.7 லிட்டருக்கான சிப் இருக்க வேண்டும்), முழு வயரிங், சின்ன மூடி டிஸ்ட்ரிபியூட்டரும் அதன் காயிலும், மேப் சென்சர் (மேனிஃபோல்ட் அழுத்தம் அளப்பது), நாக் சென்சரும் (என்ஜின் தட்டுவதை உணர்வது) அதன் பெட்டியும், பம்ப் ரிலே. வயரை ஒரு இடத்திலும் வெட்டாதீங்கோ. கனெக்டரோடு ஒவ்வொன்றாகக் கழற்றி, அங்கேயே டேப் ஒட்டிப் பேர் எழுதுங்கோ. எனக்கு அதற்கே ஒரு முழு நாள் போனது.

ஆனால் ஒன்றை வடிவாகக் கேளுங்கள். எல்லோரும் மேலே இருக்கிற பாடியைப் பற்றித்தான் கதைப்பார்கள். வேலையின் பாதி பெட்ரோல் டேங்கில் இருக்கிறது. உங்கள் பழைய மெக்கானிக்கல் பம்ப் ஐந்து, ஆறு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) தான் தரும். டிபிஐக்கு 9 முதல் 13 வேண்டும், அதுவும் துடிக்காமல், ஒரு கணமும் அறாமல். மிஞ்சின பெட்ரோல் திரும்பி டேங்குக்குப் போக ரிட்டர்ன் லைனும் வேண்டும்.

#4 · மெக்கானிக்கல் மாணவன் (திருச்சி)

அண்ணன்மாருக்கு வணக்கம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் வெட்டி வைத்த கார்புரேட்டர் ஒன்று இருக்கிறது, ஓடும் நிலையில் ஒன்றும் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து புது பைக்கில்கூடக் கார்புரேட்டர் கிடையாதே.

என் சந்தேகம்: கார்புரேட்டரும் காற்றின் ஓட்டத்துக்கு ஏற்றபடிதானே பெட்ரோலை உறிஞ்சுகிறது? மலையில் காற்று குறைந்தால் பெட்ரோலும் தானாகக் குறைய வேண்டாமா? ஏன் கரும்புகை வருகிறது?

#5 · விரிகுடா வாசி (சான் ஹோசே, கலிபோர்னியா)

மாணவரே, நல்ல கேள்வி. குறையத்தான் செய்கிறது, ஆனால் போதுமான அளவு குறைவதில்லை.

கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் இறங்குகிறது. அந்த இறக்கம்தான் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. அழுத்த இறக்கம் காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. ஜெட்டில் ஓடும் பெட்ரோலின் அளவோ அந்த இறக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இப்போது அடர்த்தி 16 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். எல் பாசோவிலிருந்து கிளவுட்கிராஃப்ட் ஏறினால் ஏறக்குறைய அவ்வளவுதான் குறையும். அதே என்ஜின் வேகத்தில், அதே த்ராட்டில் திறப்பில் காற்றின் எடையும் 16 சதவீதம் குறையும். பெட்ரோல் மட்டும் 8 சதவீதம்தான் குறையும். மிச்சம் அதிகப்படி. ஏற்கெனவே கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடும் வண்டியில் இது கரும்புகையாக வருகிறது.

இன்ஜெக்‌ஷனில் பெட்ரோலைக் காற்று இழுப்பதில்லை. மேப் சென்சர் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும். என்ஜின் வேகம், வெப்பநிலை இவற்றோடு சேர்த்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். அதற்கேற்றபடி இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யும். கடைசியில் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சர் கூடுதலா குறைவா என்று சொல்லும், கணக்கு திருத்தப்படும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்பது குறி. பத்து சதவீத எத்தனால் என்றால் அது சுமார் 14.1.

சதுரமூக்கு, மலையில் சக்தி கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காற்றே இல்லாத இடத்தில் எந்த இன்ஜெக்‌ஷனும் காற்றைக் கொண்டுவராது. புகை போகும், ஐடிலிங் நிலையாக இருக்கும், பிளக் சுத்தமாக இருக்கும்.

கிட் பற்றி: நான் என் 1972 ட்ரக்கில் தானே கற்றுக்கொள்ளும் வகை கிட் ஒன்றைப் போட்டேன். ஹோலி ஸ்னைப்பர் போன்றவை அந்த ரகம். கம்ப்யூட்டர் த்ராட்டில் பாடியிலேயே ஒட்டியிருக்கும், வயர் மிகக் குறைவு, கையடக்கத் திரையில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் ஓட ஆரம்பிக்கும். ஆனால் அவை 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடுபவை. அந்த அழுத்தத்துக்கு டேங்க், பம்ப், ஹோஸ் மூன்றிலும் கொஞ்சமும் சமரசம் செய்ய முடியாது. பாகம் ஒன்று கெட்டால் அதே நிறுவனத்திடம்தான் போக வேண்டும். டிபிஐக்கு எந்த ஊர்க் கடையிலும் சென்சர் கிடைக்கும்.

இன்னொன்று, சட்டம். கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை, என்னுடையது தப்பியது. 1976க்குப் பிந்தியதென்றால் மாநில வாரியம் அனுமதி எண் கொடுத்த கிட் மட்டும்தான் போடலாம். டெக்சாஸில் 24 வருடம் தாண்டிய வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

#6 · சதுரமூக்கு

கொங்கு அண்ணா சொன்னபடி இந்த வாரம் எல்லாம் பார்த்தேன். கம்ப்ரஷன்: 132, 135, 130, 134, 136, 131, 128, 133. வாக்குவம் முள் நிலையாக நிற்கிறது. ஏழாவது பிளக் மட்டும் கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு இருந்தது.

டைமிங்தான் ஆச்சரியம். இருக்க வேண்டியதைவிட ஆறு டிகிரி பின்தங்கியிருந்தது. சரி செய்ததும் வண்டியின் குணமே மாறிவிட்டது. கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டு ஆட்டம் கொடுக்கிறது, அந்த இடைவெளியில் காற்று இழுக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். டிபிஐதான். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நம் புதுப்பேட்டை போல ஒரு யார்டு இருக்கிறது. 1990 ட்ரக் ஒன்று முழுதாக நிற்கிறதாம்.

#7 · கொங்குப் பட்டறை

அளவு நல்ல அளவு. உங்கள் ஊரே ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் கடற்கரை ஊரைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் குறைவு, அதுதான் முக்கியம். ஏழில் எண்ணெய் வருவது வால்வு சீலாக இருக்கும், அது அவசரமில்லை.

டைமிங் சரி செய்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றுகிறதா? தோன்றினால் செய்யுங்கள். நான் தடுக்கவில்லை.

#8 · சதுரமூக்கு

ஆமாம் அண்ணா. சமவெளியில் இப்போதே நன்றாக ஓடுகிறது. சூட்டுத் தொந்தரவும் மலையும் அப்படியே இருக்கின்றன. என் மகளுக்கு அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமம் எடுக்கும் வயது. இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்க வேண்டும் என்கிறாள். அவள் வழியில் நின்றுபோய் 40 டிகிரியில் தவிக்கக் கூடாது.

#9 · சதுரமூக்கு (ஐந்து வாரம் கழித்து)

வேலை நடக்கிறது. யார்டில் காலை எட்டு மணிக்கு நுழைந்து மாலை ஐந்துக்கு வெளியே வந்தேன். கம்ப்யூட்டர் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. ஸ்கார்பரோ அண்ணன் சொன்னபடி ஒரு வயரையும் வெட்டவில்லை. வீட்டு வரவேற்பறைத் தரையில் வயரிங்கை விரித்து, தேவையில்லாத கிளைகளை ஒவ்வொன்றாக உருவி, மிச்சத்துக்குப் புது டேப் சுற்றினேன். மூன்று இரவு.

மெக்கானிக்கல் பம்பைக் கழற்றி மூடித்தகடு போட்டாயிற்று. அதன் தள்ளுகம்பியையும் மறக்காமல் எடுத்துவிட்டேன். ஆக்சிஜன் சென்சரைத் திருகப் புகைக்குழாயில் ஒரு கண்ணை (மரை உள்ள வளையம்) ஒரு சைலன்சர் கடையில் வெல்டு வைத்தேன். வேகச் சென்சர் ஸ்பீடோமீட்டர் கேபிளின் நடுவில் போகிறது. கார்புரேட்டரின் கிக்டவுன் கேபிளை (ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கியரை இறக்குவது) இந்த த்ராட்டில் பாடிக்கு இழுத்துப் புது பிராக்கெட்டில் மாட்டினேன். அடாப்டர் தட்டால் உயரம் மாறியதால் அளவை மறுபடி சரி செய்ய வேண்டியிருந்தது.

பெட்ரோலுக்கு: பழைய டேங்கை அப்படியே விட்டுவிட்டு, சேஸிஸ் சட்டத்தில் வெளிப்புற மின் பம்ப் ஒன்று மாட்டியிருக்கிறேன். ஏற்கெனவே கால் அங்குல ரிட்டர்ன் குழாய் ஒன்று இருந்தது, அதையே பயன்படுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் ஸ்டார்ட்.

#10 · ஸ்கார்பரோ கராஜ்

தம்பி, கிக்டவுன் கேபிள் பற்றி ஒன்று. உங்கள் டிஎச்350 கியர்பெட்டியில் அது பிழைத்தால் கியர் இறங்குவது மட்டும்தான் பிழைக்கும். என்னுடைய 700ஆர்4 போன்ற பெட்டி வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்தால் கவனம். அதில் அந்தக் கேபிள்தான் உள் எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. தவறாகப் பூட்டி ஓட்டினால் கிளட்ச் எரிந்து பெட்டியே போய்விடும்.

வெளிப்புற பம்ப் எனக்குப் பயம். மின் பம்ப் தள்ளுவதில் கெட்டிக்காரன், உறிஞ்சுவதில் இல்லை. டேங்கின் அடிமட்டத்தைவிட மேலே இருந்தால் காற்றை விழுங்கும். உங்கள் டேங்க் கார்புரேட்டர் காலத்து டேங்க், உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. பெட்ரோல் ஒரு பக்கம் ஓடினால் குழாய் வெறுங்காற்றில் நிற்கும். கார்புரேட்டர் என்றால் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலில் சமாளிக்கும். இங்கே கிண்ணமே இல்லை. அரை விநாடி அறுந்தாலும் எஞ்சினுக்குத் தெரியும்.

கால் அங்குல ரிட்டர்னும் ஒடுக்கம். திரும்பிப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஐந்து பதினாறாவது அங்குலமாவது வேண்டும்.

ஹோஸையும் பாருங்கோ. மேலே எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும், அது இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கானது. கார்புரேட்டருக்கான 30ஆர்7 போடாதீங்கோ. டேங்குக்கு உள்ளே மூழ்கிக் கிடக்கிற துண்டுக்கு 30ஆர்10. வெளியே போடுகிற ஹோஸை உள்ளே போட்டால் பெட்ரோல் ஊறிக் கரைந்து வடிகட்டியை அடைக்கும்.

#11 · சதுரமூக்கு (பத்து நாள் கழித்து)

ஓடியது! சாவி திருப்பியதும் பம்ப் இரண்டு விநாடி உறுமி நின்றது, ஸ்டார்ட்டரைத் தொட்டதும் என்ஜின் எழுந்தது. என் மனைவி மாடியிலிருந்து கைதட்டினாள். மகளும் நானும் முற்றத்திலேயே நின்று அந்த ஐடிலிங்கைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

டைமிங் வைக்கும்போது கம்ப்யூட்டரின் குறுக்கீட்டை நிறுத்தும் ஒற்றைக் கனெக்டரை (வெளிர்பழுப்பு வயரில் கருப்புக் கோடு) கழற்றி, பூஜ்யம் டிகிரியில் வைத்துவிட்டு, திரும்ப மாட்டினேன்.

ஆனால் இரண்டு சிக்கல். நேற்று டிரான்ஸ்மவுண்டன் சாலையில் ஏறும்போது, டேங்கில் கால்வாசி இருந்தது, ஒரு நீண்ட வளைவில் என்ஜின் சட்டென்று செத்தது. பின்னால் லாரி. நல்லவேளை ஓரம் ஒதுங்க இடம் இருந்தது. ஸ்கார்பரோ அண்ணன் எழுதியது அப்படியே நடந்தது. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, என்ஜின் சூடான பிறகு ஐடிலிங் ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடுகிறது. பிளக் கருக்கிறது. லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டுகிறது.

#12 · ஸ்கார்பரோ கராஜ்

உயிர் தப்பினது பெரிய விஷயம். டேங்கை மாற்றும் வரைக்கும் அரை டேங்குக்குக் கீழே விடாதீங்கோ, பெரிய சாலைக்கும் போகாதீங்கோ.

உங்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. 1987தான் இந்தச் சதுர உடம்பு அரை டன் பிக்கப்பின் கடைசி வருடம், அந்த வருடம் கம்பெனியே அதில் டிபிஐ போட்டு விட்டது. அந்த டேங்குக்குள் தடுப்பு இருக்கும், பம்ப் உள்ளேயே இருக்கும், சரியான ரிட்டர்னும் இருக்கும். அது உங்கள் 1978இன் அதே பட்டிகளில் உட்காரும். புதிதாகவே செய்து விற்கிறார்கள். பம்ப் பெட்ரோலில் மூழ்கியே இருக்கிறபடியால் சூடாகாது, சத்தமும் இல்லை.

டேங்க் இறக்கும்போது பேட்டரியைக் கழற்றுங்கோ. பெட்ரோலை முழுக்க எடுத்துவிட்டு இறக்குங்கோ. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. அதில் யாரும் வெல்டு வைக்கவோ கிரைண்டர் பிடிக்கவோ விடாதீங்கோ.

#13 · விரிகுடா வாசி

ஐடிலிங் ஆட்டத்துக்கு என் முதல் சந்தேகம் எர்த். கம்ப்யூட்டரின் எர்த் வயர்கள் என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் சுரண்டிய வெறும் இரும்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிளாக்கிலிருந்து பேட்டரிக்கும், பிளாக்கிலிருந்து பாடிக்கும் தடித்த வயர். என் வண்டியில் ஒரு மாதம் மென்பொருளில் தேடிய கோளாறு, கடைசியில் துருப்பிடித்த ஒரு போல்ட்டில் இருந்தது.

பிழை எண்ணைப் படித்தீர்களா? நோய்காண் கனெக்டரில் ஏ, பி என்ற இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, சாவியை ஆனில் மட்டும் வையுங்கள். விளக்கு ஒருமுறை மின்னி, இடைவெளி விட்டு இருமுறை மின்னினால் 12. அது நலம் என்பதற்கான அறிகுறி. அதற்குப் பிறகு வருவதுதான் பிழை எண்.

#14 · சதுரமூக்கு

12க்குப் பிறகு 44 வருகிறது. லீன் என்று பொருள். எர்த் எல்லாம் சுரண்டிப் புதிதாகப் போட்டேன். மாற்றமில்லை. ஆக்சிஜன் சென்சர் புதியது. பெட்ரோல் அழுத்தம் 12 பிஎஸ்ஐ நிலையாக இருக்கிறது. உண்மையில் லீனாக இருந்தால் பிளக் ஏன் கருப்பாகிறது?

#15 · கொங்குப் பட்டறை

தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் பிளக் பொய் சொல்லாது. பிளக் ரிச் என்கிறது, சென்சர் லீன் என்கிறது. இரண்டில் ஒன்றை யாரோ ஏமாற்றுகிறார்கள். அந்தச் சென்சர் மோப்பம் பிடிப்பது ஆக்சிஜனைத்தானே? பெட்ரோலை அது பார்ப்பதில்லையே? அப்படியென்றால் வெளிக்காற்று அதன் மூக்கில் படுகிறது. சென்சருக்கு முன்னால் புகைக்குழாய் எங்காவது ஒழுகுகிறதா பாருங்கள். புகை வெளியே போகிற ஓட்டைதான், ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் வெளிக்காற்று உள்ளேயும் வரும்.

கண்டுபிடிக்க: என்ஜின் ஆறியபின், வாக்குவம் கிளீனரை ஊதும் பக்கம் திருப்பி சைலன்சர் வாயில் துணி சுற்றி வையுங்கள். சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளியுங்கள். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது போலத்தான். எங்கே கொப்புளம் வருகிறதோ அங்கே.

#16 · சதுரமூக்கு (அடுத்த நாள்)

அண்ணா! புகை மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்து வளையப் பேக்கிங். சென்சருக்கு ஒரு சாண் மேலே. சோப்பு நுரை பொங்கிப் பொங்கி வந்தது. கண் வெல்டு வைக்கக் குழாயைக் கழற்றி மாட்டியபோது பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு டாலர் வளையம், மூன்று போல்ட், ஒரு மணி நேரம். ஐடிலிங் கல்லில் வைத்தது போல நிற்கிறது. 44 திரும்ப வரவில்லை.

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காத வண்டியின் கோளாறைப் பிடித்துவிட்டீர்கள். மனமார்ந்த நன்றி.

#17 · மெக்கானிக்கல் மாணவன்

இந்தப் பதிவை அச்சிட்டு எங்கள் ஆய்வக ஆசிரியரிடம் காட்டினேன். அடுத்த வகுப்பில் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம்: விபத்தில் குழாய் உடைந்தால் மின் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்குமா?

#18 · ஸ்கார்பரோ கராஜ்

இல்லை தம்பி. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து துடிப்பு வரும் வரைதான் கம்ப்யூட்டர் பம்ப் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். ரிலே கெட்டுப் போனால் உதவ ஆயில் அழுத்த சுவிட்ச் வழியாக இன்னொரு பாதை உண்டு, அதுவும் எஞ்சின் நின்று அழுத்தம் இறங்கினால் அறுந்துவிடும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பம்பை நேரே சாவியில் இணைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாகனம் கவிழ்ந்து கிடக்கும்போதும் பம்ப் ஓடும். அப்படி ஒருபோதும் செய்யாதீங்கோ.

#19 · சதுரமூக்கு (ஏழு வாரம் கழித்து)

புது டேங்க் போட்டாயிற்று, தடுப்போடு, உள் பம்போடு. ரிட்டர்ன் குழாயும் ஐந்து பதினாறாவது அங்குலத்தில் புதிதாக இழுத்தேன். மொத்தச் செலவு 1,150 டாலர், அதில் பாதிக்கு மேல் டேங்கும் பம்பும் குழாயும்தான். மேலே கண்ணுக்குத் தெரியும் த்ராட்டில் பாடிக்கு நாற்பது டாலர்.

போன சனிக்கிழமை கிளவுட்கிராஃப்ட் போய் வந்தோம். வேண்டுமென்றே கால் டேங்கோடு அலமகோர்டோவில் ஏற்றத்தைத் தொடங்கினேன். பாதி மலையில் ஹை ரோல்ஸ் பழக்கடையில் நிறுத்தி செர்ரி வாங்கினோம். பதினைந்து நிமிடம். வெயில் கொளுத்தியது. சாவியை மகளிடம் கொடுத்தேன். தொட்டதும் எழுந்தது.

மேலே போகப் போக இழுவை குறைந்தது உண்மை, விரிகுடா வாசி சொன்னது போலவே. ஆனால் கண்ணாடியில் புகை இல்லை. ஊருக்குள் வண்டியை நிறுத்தியபோது என்ஜின் ஓடுகிறதா என்று மனைவி கேட்டாள். போக வர லிட்டருக்கு 5.6 கிலோமீட்டர் கொடுத்தது, முன்பு இதே பயணத்தில் 4.6.

பழைய குவாட்ராஜெட்டைத் தூக்கிப் போடவில்லை. தண்டுக்குப் புது புஷ் போட்டுச் சுத்தம் செய்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்க்க முடியாவிட்டாலும் பானட்டின் மேல் கை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

#20 · கொங்குப் பட்டறை

ரொம்ப சந்தோஷம் தம்பி. மலை இறங்கி வந்து பிளக் கழற்றினீர்களா? எட்டும் என்ன நிறம்?

#21 · சதுரமூக்கு

ஞாயிறு காலையே கழற்றினேன் அண்ணா. ஏழு பிளக் வெளிர் பழுப்பு, பிஸ்கட் நிறம். ஏழாம் எண் மட்டும் ஓரத்தில் எண்ணெய்ப் பசை, முன்பு இருந்த அளவேதான். வால்வு சீல் வாங்கி வைத்திருக்கிறேன். சிலிண்டர் தலையைக் கழற்றாமல், பிளக் துளையில் காற்றழுத்தம் கொடுத்து வால்வை மேலே நிறுத்தி மாற்றலாம் என்று படித்தேன். அடுத்த சனிக்கிழமை மகளோடு சேர்ந்து செய்கிறேன். காற்றழுத்தம் எவ்வளவு வைக்கட்டும்?

#22 · கொங்குப் பட்டறை

நான் 80இலிருந்து 100 பிஎஸ்ஐ வைப்பேன். பிஸ்டனை மேல்முனையில் நிறுத்திவிட்டுக் காற்றைத் திறங்கள், இல்லையென்றால் கிராங்க் சுற்றும், கை மாட்டிக்கொள்ளும். மகளிடம் சொல்லுங்கள், பூட்டுத்துண்டு இரண்டும் காந்தத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங்கைத் தூக்க வேண்டும். ஆயில் துளைகளில் முதலிலேயே துணி அடைத்துவிடுங்கள்.